முடுக்குத் தெரியாத மச்சான்

"போன இடத்துக்கே திரும்பப் போகச் சொல்லுதும்மா. இந்த கேமைச் செஞ்சவன் சரியான சோம்பேறி" என்று சொல்லி, என் மகன் நேற்று கையில் இருந்த கேம் கருவியைச் சோபாவில் எறிந்தான். புது இடம் கட்ட வக்கில்லாமல், ஏற்கெனவே பார்த்த நிலவறையையே மறுபடியும் பார்க்கவைத்து ஏமாற்றுகிறார்களாம். அவன் வயதில் நானும் இதையேதான் சொன்னேன், இன்னும் உரக்கச் சொன்னேன். ஆனால் நான் திட்டியது கேம் செய்தவனை இல்லை. எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மச்சானை.

எங்களுக்குக் காயல்பட்டினம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவைக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். லாத்தாவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, கல்யாணம் ஆனபோது எனக்கு ஒன்பது வயது. மச்சானுக்கு வெளிநாட்டில் வேலை. கல்யாணத்துக்கென்று லீவு வாங்கி வந்திருந்தார், இரண்டு மாதம் முடிந்தால் திரும்பிவிடுவார். பகலில் தன் உம்மா வீட்டில் இருந்துவிட்டு, நாலு மணி வாக்கில் அசர் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற பழமொழி எங்கள் ஊர் மாப்பிள்ளைகளிடம் செல்லாது. அவர்களுக்குக் கடைசிவரை விருந்துதான்.

விருந்து என்றால் பாவம், தனியாகச் சாப்பிடுகிற விருந்து. கல்யாணம் முடிந்த கையோடு வாப்பா கப்பல் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். வீட்டில் ஆண் என்று பேச்சுத் துணைக்கு ஒருவர் இல்லை. மச்சான் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முன்னால் வைத்த வட்டிலப்பத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹாலுக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் உம்மா, பெரியும்மா, லாத்தா. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் பகலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் ஊர் சிரிக்கும். அதனால் லாத்தா தேநீர் போடுவாள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரவில் பேசியிருப்பார்களே என்றால், அது எனக்குத் தெரியாது. நான் இஷா தொழுதவுடன் தூங்கிவிடுவேன். ஆனால் "மாப்பிள்ளை எப்படி இருக்காங்க?" என்று கேட்ட சேக்காளியிடம் லாத்தா, "தெரியலடீ, தலையைக் குனிஞ்சே இருக்காங்க" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவளும் நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே தெரியும்.

அப்படி ஒரு நாள், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனாரோ என்னவோ, மச்சான் தன் உம்மா வீட்டிலிருந்து ஒரு கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். டிவியில் மாட்டி ஆடுவது. "புள்ள தனியா இருக்காள்ல, அவளுக்குத்தான்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். தொழுகை நேரத்தில் பொம்மை ஆட்டமா என்று உம்மா முதலில் முகத்தைச் சுளித்தார்கள். மாப்பிள்ளை கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கதை இதுதான். ஒரு கிராமம், அதில் ஒரு பாழுங்கிணறு, கிணற்றுக்கு அடியில் ஒரு நிலவறை. கையில் லாந்தர் விளக்கு பிடித்த ஒருவன் அதற்குள் இறங்க வேண்டும். விளக்குக்காரன் என்று அவனுக்கு நான்தான் பெயர் வைத்தேன். உள்ளே போனால் எங்கு திரும்பினாலும் குறுகலான வழிகள், பாதிக் கதவுகள் திறக்காது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேலே வந்து, காட்டுக்குப் போனால் அங்கே ஒரு கயிறு கிடைக்கும். கயிறு கிடைத்துவிட்டால் மறுபடி நிலவறைக்குப் போய், முன்பு தாண்ட முடியாத பள்ளத்தைத் தாண்டலாம். பிறகு சம்மட்டி கிடைக்கும், மறுபடி நிலவறை. சும்மா சுவர் என்று நினைத்திருந்தது சம்மட்டி வந்ததும் வழியாகிவிடும். நாம் அடித்துக் கொன்ற வௌவால்களும் எலும்புக்கூடுகளும் அடுத்த தடவை ஒன்றுமே நடக்காததுபோல் உயிரோடு நிற்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நீலக் கதவு. அதில் மூன்று குழிகள். மூன்று கற்களைக் கொண்டுவந்து வைத்தால் திறக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்று எனக்கு வெறி. லீவு முடிந்து மச்சான் போவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் எலும்புக்கூடு வரும்போது தனியாக இருக்க எனக்குப் பயம்.

மச்சானுக்கு எலும்புக்கூட்டிடம் பயமில்லை, வழிதான் தெரியாது. நின்ற இடத்திலேயே செக்குமாடு மாதிரி சுற்றுவார். அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு திருப்பத்திலும் விளக்குக்காரனை நிறுத்திவிட்டு, நிஜமாகவே தொண்டையைச் செருமுவார். பிறகுதான் திரும்புவார்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஆண்கள் தெருவில் நடப்பார்கள். வீடுகளின் பின்புறமாக, இரண்டு சுவர்களுக்கு நடுவே போகிற சந்துகள் பெண்களுக்கு. அதற்கு முடுக்கு என்று பெயர். ஒரு பெண் தெருவில் கால்வைக்காமல் முடுக்கு வழியாகவே ஊரின் பாதியைச் சுற்றி வந்துவிடலாம். ஏதோ அவசரத்துக்கு ஓர் ஆண் முடுக்கில் நுழைய வேண்டியிருந்தால், திருப்பத்தில் நின்று செரும வேண்டும். எதிரே வருகிற பெண்கள் ஒதுங்கிக்கொள்ளவோ முக்காட்டைச் சரிசெய்யவோ நேரம் கொடுக்கிற மரியாதை அது. குறுகலான வழியைக் கண்டதும் மச்சானுக்குத் தொண்டை தானாகச் செருமிவிட்டது. எலும்புக்கூட்டுக்கு முக்காடு எதற்கு என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். திரைக்கு அந்தப் பக்கமும் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தம் கேட்டது. மச்சானின் காது சிவந்துபோனது.

அன்றைக்கே லாத்தாவின் குரல் வந்தது, என் பெயரில்தான். "ஏட்டி, மச்சான்கிட்ட சொல்லு, வலது பக்கம் போனா மூடிக் கிடக்கும். அது நம்ம கோழி மாமி வூட்டு முடுக்கு மாதிரி."

"மச்சான், வலது பக்கம் மூடிக் கிடக்குமாம்" என்றேன், லாத்தா சொன்னது அவர் காதில் விழாததுபோல்.

"கோழி மாமி வூடு எங்கன இருக்குன்னு கேளு" என்றார் மச்சான், அவளுக்குக் கேட்காததுபோல்.

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கோழி மாமி வீடு தெரியவில்லை. தெருப்பக்கமாகச் சொன்னால் எந்த வீட்டையும் காட்டிவிடுவார், முடுக்குப்பக்கம் அவருக்கு வேறு தேசம். லாத்தாவோ திரை இடுக்கில் எட்டிப் பார்த்தே அந்த நிலவறையைப் படித்துவிட்டாள். இது துணி காயப்போடுகிற மாமி வீட்டு முடுக்கு, இது மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற முடுக்கு, இது போகப் போக ஒடுங்கிப் பள்ளிவாசல் கிணற்றில் போய் முட்டுகிற முடுக்கு என்று வரிசையாகப் பெயர் வைத்தாள். நடுவில் நான் தந்திக் கம்பி. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே.

ஒரு நாள் அந்தக் கம்பியும் அறுந்தது. மச்சான் ஒரு திருப்பத்தில் செருமிவிட்டு இடது பக்கம் போகப் போனார். தூணுக்குப் பின்னால் பெரிய எலும்புக்கூடு நிற்பது திரை இடுக்கு வழியாக லாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அய்யோ, அங்கன போவாதீங்க!"

வீடே கேட்டது. உள்ளே பெரியும்மா பாக்கு இடித்துக்கொண்டிருந்த உரல் நின்றது. மாப்பிள்ளையைப் பார்த்து, பகலில், நேருக்கு நேர், அதுவும் கத்தி. பிறகு உம்மா, "பூனை பாலைக் கவுத்திருச்சு போல" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டினார்கள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. உரல் மறுபடி இடிக்க ஆரம்பித்தது. மச்சான், "இல்ல, போவல" என்று மெதுவாகத் திரையிடம் சொன்னார்.

அதற்கப்புறம் என்னிடம் "மச்சான்கிட்ட சொல்லு" என்பது நின்றுபோனது. என் வேலை போயிற்று என்பது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், மச்சான் முன்னேறவே இல்லை. மூன்றாவது கல் பனிமலையில் இருந்தது. அங்கே பனி ஏரியில் படகெல்லாம் உண்டு, ஆடத் தொடங்கியதிலிருந்து அதற்காகவே காத்திருந்தேன். மலைக்குப் போவோம் என்று நான் கெஞ்ச, "கிணத்துக்குள்ள ஒரு பெட்டி விட்டுப்போச்சு புள்ள" என்பார். மறுநாள் விளக்குக்கு எண்ணெய் வேண்டும் என்பார். எண்ணெய் கிராமத்துக் கடையிலேயே கிடைக்கும். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று பெரியும்மா அடிக்கடி சொல்வது யாரைப் பற்றி என்று எனக்கு அப்போதுதான் புரிந்ததாக நினைத்தேன். ஒரு தடவை பிடிவாதமாக மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அகலமான வெள்ளை வெளி, நாலாபுறமும் பனி. திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. "லாத்தா, எந்தப் பக்கம்?" என்று நானே கேட்டதற்கு, "வெட்டவெளியில என்னத்தச் சொல்ல?" என்றாள். மூன்றாவது கல் கிடைத்த உடனே மச்சான் விளக்குக்காரனைக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டார்.

கிணற்றுக்குப் போனாலும் நேராக நீலக் கதவுக்குப் போனாரா என்றால் இல்லை. பார்த்த முடுக்குகளையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு மூலையில், தண்ணீர் சொட்டுகிற ஒரு முட்டுச் சந்தில், லாத்தா தானாகவே சொன்னாள்: "இது எங்க பின்வாசல் முடுக்கு மாதிரி. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தன்னைக்கு அங்கனதான் நின்னு அழுதுக்கிட்டு இருந்தேன்."

மச்சான் நின்றுவிட்டார். "மார்க்கு கொறஞ்சு போச்சா?"

"இல்ல. நல்ல மார்க்குதான். மேல படிக்க வேண்டாம்னுட்டாங்க."

மச்சானின் கை அசையவில்லை. விளக்குக்காரன் அந்த மூலையில் சும்மா நிற்க, வௌவால்கள் வந்து அவன் தலையைக் கொத்த ஆரம்பித்தன. மேலே உயிருக்கு வைத்திருந்த சிவப்புக் குமிழ்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. "மச்சான், உயிர் போவுது! உயிர் போவுது!" என்று நான் அலறினேன். அவருக்குக் கேட்கவே இல்லை.

"இப்பவும் படிக்கணும்னு இருக்கா?" என்று கேட்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் லாத்தா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எண்ணெய் தீரப்போவுது, பாருங்க" என்றாள். அவள் குரல் வேறுமாதிரி இருந்தது. எண்ணெய் தீர்ந்து, விளக்கு அணைந்து, விளக்குக்காரன் செத்துப்போனான். அத்தனை தூரம் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான் சிரித்த முகமாக இருந்தார். இவரைப்போல மோசமான ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை.

சரி, பள்ளிக்கூடம் லீவுதானே, காலையில் நானே தனியாக முடித்துவிடுகிறேன், எலும்புக்கூடு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று ஒரு நாள் துணிந்து உட்கார்ந்தேன். பெட்டியின் பொத்தானை அமுக்குவதற்குள் உம்மா கையில் அகப்பையோடு வந்து நின்றார்கள். "மச்சான் வாரதுக்கு முந்தி அதத் தொட்ட, கைய முறிச்சுப்போடுவேன்." முகத்தைச் சுளித்த அதே உம்மாதான். அசர் பாங்கு சொன்னால் இப்போது டிவிக்கு முன்னால் இருக்கிற முக்காலியை அவர்களே தள்ளிவைத்து இடம் பண்ணினார்கள். திரையை ஒரு பக்கமாகச் சற்றே ஒதுக்கிவிடுவதும் அவர்கள்தான். பெரியும்மா, "மாப்பிள்ளை என்ன, சின்னப்புள்ள கணக்கா…" என்று இழுத்தால், "இவதான் ஆடணும் ஆடணும்னு உயிர எடுக்கா, பாவம் அவுங்க" என்று பழியைத் தூக்கி என் தலையில் போடுவார்கள். மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை, பெற்ற மகளைக்கூடக் காட்டிக்கொடுப்பார்கள் என்று நான் மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

மச்சான் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை வந்தது. உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள், மாசிக் கருவாடும் ஊறுகாயும் மணந்தன. மச்சான் அன்று ஒரு திருப்பத்திலும் தடுமாறவில்லை. கோழி மாமி வீடு, தண்ணீர் நிற்கிற முடுக்கு, பின்வாசல் முடுக்கு எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொண்டு நடந்தார். ஒரு நாள்கூட உள்ளே கால்வைக்காமலே ஊர் முடுக்கெல்லாம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. செருமுவதை மட்டும் விடவில்லை. நீலக் கதவுக்கு முன்னால் போய் நின்றோம். மூன்று கற்களும் கையில் இருந்தன.

"வைங்க மச்சான்! வைங்க!" நான் முழங்காலில் எழுந்து நின்றுவிட்டேன்.

மச்சான் கதவைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். திரை பாதி ஒதுங்கியிருந்தது. லாத்தா அங்கே நின்றுகொண்டிருந்தாள், அவளும் அன்றைக்குத் தலையைக் குனியவில்லை.

"தொறந்துரவா?" என்று கேட்டார்.

"தொறந்தா முடிஞ்சிருமே" என்றாள் லாத்தா.

மச்சான் விளக்குக்காரனைப் பக்கத்திலிருந்த தீபத்தண்டிடம் கூட்டிப்போய், ஆட்டத்தை அங்கேயே பதிந்துவைத்துவிட்டு, பெட்டியை அணைத்தார். "அடுத்த லீவுல தொறக்கலாம் புள்ள" என்றார். நான் தரையில் விழுந்து புரண்டேன். அவர் கொடுத்த சாக்லேட்டை வீசி எறிந்தேன், பிறகு யாரும் பார்க்காதபோது எடுத்துத் தின்றேன். மறுநாள் அவர் விமானம் பிடிக்கத் திருவனந்தபுரத்துக்கு வேன் ஏறியபோது நான் கையசைக்கவில்லை. லாத்தா ஜன்னல் பக்கத்தில் நின்றிருந்தாள், அவளும் கையசைக்கவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே கோபம்தான் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள், அசர் பாங்கு சொன்ன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. உம்மா பழக்கதோஷத்தில் முக்காலியைத் தள்ளிவைத்துவிட்டு, பிறகு அதைப் பார்த்தபடி நின்றார்கள். "இனி நீ ஆடிக்க" என்றார்கள் என்னிடம். கேட்க வேண்டுமா? ஓடிப்போய்ப் பெட்டியைப் போட்டேன். விளக்குக்காரன் விட்ட இடத்திலேயே, நீலக் கதவுக்கு முன்னால், விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டே அடிதான்.

திரையை விலக்கிக்கொண்டு லாத்தா வெளியே வந்தாள். கல்யாணத்துக்கப்புறம் ஹாலில் வந்து அவள் டிவி முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "எங்கிட்ட குடு" என்றாள்.

சரி, இவள் திறக்கப்போகிறாள் என்று சந்தோஷமாகக் கொடுத்தேன். அவளுக்கு அதைக் கையில் பிடிக்கவே தெரியவில்லை. விளக்குக்காரன் சுவரில் முட்டினான், பின்னால் போனான். பிறகு ஒருவழியாக அவனைத் திருப்பினாள், கதவுக்கு எதிர்ப்பக்கம்.

"லாத்தா, கதவு அங்கன இருக்கு!"

"தெரியும். பைய போவோம்" என்றாள்.

வந்த வழியே திரும்பி நடத்தினாள். வௌவால்கள் கொத்தின, அவள் அடிக்கவில்லை. பின்வாசல் முடுக்கு வந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் திருப்பத்தில் விளக்குக்காரனை நிறுத்தினாள். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, தொண்டையைச் செருமினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீ பொம்பளதானே லாத்தா, முடுக்குல நீ எதுக்குச் செருமுத?" என்று கேட்டேன். அவள் அடுத்த திருப்பத்திலும் நின்று செருமினாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

நான் எழுந்து அடுக்களைக்குப் போய், லாத்தாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறாள் என்று உம்மாவிடம் சொன்னேன். யாராவது ஒரு தும்மல் போட்டாலே மிளகைத் தட்டிக் கசாயம் வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றுகிற உம்மா, அடுப்பைப் பார்த்தபடியே, "இருக்கும்" என்றார்கள். மிளகு டப்பாவை அன்றைக்கு எடுக்கவே இல்லை.